தரை தட்டிய கப்பல், பின்னால் உதிக்கும் சூரியன்: ஒரே போட்டோவில் இரண்டும் தெளிவாக விழுவது எப்படி? எச்.டி.ஆர் முறை - முழு விளக்கம்

கிழக்குக் கடற்கரையில் ஒரு கப்பல் தரை தட்டி நிற்கிறது. அதன் பின்னால் சூரியன் மேலே வருகிறது. வானத்தின் ஆரஞ்சு நிறம், கப்பலின் துருப்பிடித்த இரும்புத் தகடு, ஈர மணலில் தெரியும் அதன் பிம்பம் என எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் போனை எடுத்து கிளிக் பண்ணினால் கதையே வேறு. வானம் நல்லா வந்தால் கப்பல் கறுப்பு அட்டை மாதிரி ஆகிவிடுகிறது. கப்பல் நல்லா வந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடுகிறது.

போன் மட்டமா? எடுத்தவருக்குத் தெரியலையா? இரண்டும் இல்லை. இது எல்லா கேமராவுக்கும் உள்ள பிரச்சினை. இதற்கு போட்டோகிராபர்கள் கையாளும் வழிதான் எச்.டி.ஆர். அதாவது, வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைப்பது. அது எப்படி வேலை செய்கிறது, எப்படி எடுக்க வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சென்னை பார்த்த கப்பல்

தமிழ்நாட்டில் இப்படி ஒரு காட்சியைப் பலரும் நேரில் பார்த்தது 2012-ல். அந்த ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் காற்றில் இழுத்து வரப்பட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் தரை தட்டியது.

அடுத்த சில நாட்கள் அந்தக் கடற்கரை திருவிழா மாதிரி ஆனது. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். கப்பலைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் மாதத்திலேயே இழுவைக் கப்பல் மூலம் அது மீண்டும் கடலுக்குள் கொண்டுபோகப்பட்டது. இன்று எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் அப்படி ஒரு கப்பல் நின்றதற்கான அடையாளமே இருக்காது. போட்டோக்களில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த போட்டோக்களுக்குள் தெரியாத ஒன்றும் உண்டு. கப்பலை விட்டு உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். உள்ளூர் மீனவர்கள் கொந்தளிப்பான கடலில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். தரை தட்டிய கப்பலைப் படம் எடுக்கப் போகும் யாரும் இதை மறக்கக் கூடாது.

2020 அக்டோபரில் விசாகப்பட்டினம் தென்னேட்டி பூங்கா கடற்கரையிலும் இதேபோல் ஒரு வங்கதேச சரக்குக் கப்பல் தரை தட்டியது. இரண்டு இடமும் வங்கக் கடலோரம். இரண்டிலும் சூரியன் கடல் பக்கம்தான் உதிக்கும். கரையில் நிற்பவருக்கு கப்பல் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாகவே தெரியும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேமராவால் ஏன் முடியவில்லை?

வெளிச்சத்தை போட்டோகிராபர்கள் 'ஸ்டாப்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. மூன்று என்றால் எட்டு மடங்கு. இப்படியே போனால் 10 ஸ்டாப்புக்கு 1,024 மடங்கு. 14 ஸ்டாப்புக்கு 16,384 மடங்கு.

ஒரு காட்சியில் மிக இருண்ட இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் 'டைனமிக் ரேஞ்ச்'. இன்றைய நல்ல கேமராக்கள் ஒரே கிளிக்கில் 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும். போனின் சின்ன சென்சாரால் அவ்வளவு முடியாது. சூரியன் எட்டிப் பார்க்கும் வானத்துக்கும் கப்பலின் நிழல் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

அப்படியென்றால் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், கப்பலைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னை மாற்றிக்கொள்கிறது. மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காட்சியாகக் காட்டுகிறது. எச்.டி.ஆர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

இது புதுசா? இல்லை, 160 வருஷத்துக்கு மேல் பழசு

இந்த யோசனை பிறந்ததே கடலைப் படம் எடுக்கும்போதுதான். 1850-களில் பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லே கிரே என்ற போட்டோகிராபருக்கும் இதே தலைவலி. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் கடல் தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் என்ன செய்தார்? கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்தார். அச்சிடும்போது இரண்டையும் தொடுவானக் கோட்டில் ஒட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

கம்ப்யூட்டர் காலத்தில் 1997-ல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்ற இரு ஆய்வாளர்கள், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். 2007-ல் டாம் மெர்டென்ஸும் அவருடைய சகாக்களும் இன்னும் எளிய வழியைச் சொன்னார்கள். ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை மட்டும் எடுத்துக் கலப்பது. இதற்கு 'எக்ஸ்போஷர் ஃபியூஷன்' என்று பெயர். 2010-ல் ஐபோனில் எச்.டி.ஆர் வசதி வந்தது. அதன் பிறகு அது எல்லோருடைய பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது.

எப்போது போக வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்?

சூரியன் உதித்த பிறகு போய்ச் சேர்ந்தால் பாதி வாய்ப்பு போச்சு. தமிழ்நாட்டில் சூரியன் தெரிவதற்கு 20 - 25 நிமிடம் முன்பே வானம் வெளிச்சமாகத் தொடங்கிவிடும். நீலமும் ஆரஞ்சும் கலந்து நிற்கும் இந்த நேரத்தில் வானத்துக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் குறைவாக இருக்கும். கேமராவுக்கு வேலை சுலபம்.

சூரியனின் விளிம்பு தெரிந்த பிறகு முழு வட்டமும் மேலே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அவ்வளவுதான் நேரம். அதற்குள் செட்டிங்கை மாற்றிக்கொண்டு இருந்தால் காட்சி போய்விடும். அதனால் குறைந்தது 45 நிமிடம் முன்பே இடத்தில் இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம். சூரியன் எல்லா நாளும் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. நம் ஊர் அட்சரேகையில் டிசம்பரில் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கும். ஆகவே ஒரே கப்பல், ஒரே கடற்கரை என்றாலும் மாதத்துக்கு மாதம் படம் மாறும். சூரியன் கப்பலுக்கு நேர் பின்னால் வராமல் பக்கத்தில் வரும்படி, கரையிலேயே வடக்கோ தெற்கோ நகர்ந்து நில்லுங்கள். கப்பலின் ஒரு பக்கத்தில் வெளிச்சம் படும். இரும்பின் மடிப்பு, துரு, பெயர் எழுத்து எல்லாம் எடுப்பாகத் தெரியும்.

எடுப்பது எப்படி? படிப்படியாக

1. முக்காலி அவசியம். எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில் வர வேண்டும். ஈர மணலில் அலை வந்து திரும்பும்போது முக்காலியின் கால் கீழே இறங்கும். அதனால் முதலிலேயே கால்களை அழுத்தி ஊன்றிவிடுங்கள். இல்லையென்றால் அலை எட்டாத கெட்டி மணலுக்குப் போய்விடுங்கள்.

2. ஐ.எஸ்.ஓ-வை 100-ல் வையுங்கள். அதை ஏற்றினால் நிழல் பகுதியில் பொரிப் பொரியாகப் புள்ளிகள் வரும்.

3. லென்ஸ் துவாரம் எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதும். முன்னால் உள்ள மணலும் தூரத்துக் கப்பலும் இரண்டுமே தெளிவாக இருக்கும்.

4. ஃபோகஸைக் கப்பலில் வைத்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். ஒயிட் பேலன்ஸையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

5. 'ரா' வடிவத்தில் எடுங்கள். ஜேபெக் கோப்பில் கேமரா பல தகவல்களைக் கழித்துவிடும்.

6. இப்போது முக்கியமான வேலை. மூன்று படங்கள். ஒன்று சரியான வெளிச்சத்தில். ஒன்று இரண்டு ஸ்டாப் குறைத்து. ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி. உதாரணத்துக்கு நடுப்படத்தின் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு என்றால், வானத்துக்கான படம் 250-ல் ஒரு பங்கு, கப்பலுக்கான படம் 15-ல் ஒரு பங்கு. பெரும்பாலான கேமராக்களில் இதைத் தானாகவே எடுக்கும் 'ஆட்டோ பிராக்கெட்டிங்' வசதி உண்டு.

7. மாற்ற வேண்டியது ஷட்டர் வேகத்தை மட்டும்தான். துவாரத்தை மாற்றினால் தெளிவாகத் தெரியும் ஆழம் மாறிவிடும். படங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

8. கையால் பட்டனை அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

மூன்று படமும் சேர்ந்தால் கேமராவின் எல்லை நான்கு ஸ்டாப் கூடுகிறது. 12 ஸ்டாப் கேமரா 16 ஸ்டாப் கேமரா மாதிரி வேலை செய்யும். சூரியன் முழுசா மேலே வந்துவிட்டால் மூன்று போதாது. ஐந்து அல்லது ஏழு படம் தேவைப்படலாம். அப்போதும் சூரியனின் நடுப்பகுதி வெள்ளையாகத்தான் இருக்கும். அது தப்பில்லை. நம் கண்ணுக்கும் அப்படித்தானே தெரிகிறது?

ஒரு எச்சரிக்கை: கேமராவின் கண்ணாடி வழி வியூஃபைண்டரில் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. லென்ஸ் வெளிச்சத்தைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பும். பார்வை போகும் ஆபத்து உண்டு. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுங்கள்.

அலை நகருமே, அதை என்ன செய்வது?

கப்பல் அசையாது. அலை அசையும். முதல் படத்தில் இருந்த நுரை மூன்றாவது படத்தில் இருக்காது. மூன்றையும் கலந்தால் ஒரே அலை மூன்று இடத்தில் ஆவி மாதிரி தெரியும். பறவை, கொடி, நடந்து போகும் ஆள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதை 'கோஸ்டிங்' என்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மென்பொருளில் உள்ள 'டீகோஸ்ட்' வசதி. அசைந்த பகுதிகளை ஏதாவது ஒரு படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வது. இன்னொன்று, கையாலேயே கலப்பது. கடலுக்கு ஒரு படம், வானத்துக்கு ஒரு படம், கப்பலுக்கு ஒரு படம் என்று தேர்ந்தெடுத்து, மாஸ்க் போட்டு இணைப்பது. நேரம் ஆகும். ஆனால் அலை அலையாகவே இருக்கும்.

இணைப்பது எப்படி? எங்கே கெட்டுப்போகிறது?

லைட்ரூம், போட்டோமேட்டிக்ஸ் போன்ற மென்பொருள்களில் மூன்று படத்தையும் தேர்ந்தெடுத்து எச்.டி.ஆர் மெர்ஜ் கொடுத்தால் போதும். காசு செலவழிக்க விருப்பம் இல்லையா? டார்க்டேபிள், லுமினன்ஸ் எச்.டி.ஆர், என்ஃபியூஸ் ஆகியவை இலவசம்.

இணைத்த உடனே படம் முடிந்துவிடாது. அதில் உள்ள ஒளி அளவு போன் திரை காட்டக்கூடியதை விட அதிகம். அதைத் திரைக்கு ஏற்ற மாதிரி சுருக்க வேண்டும். இதற்கு 'டோன் மேப்பிங்' என்று பெயர். பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போனால் கப்பலைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். வானம் மத்தாப்பு மாதிரி ஆகும். துரு நெருப்பாக எரியும். நிழலே இல்லாத படம் தட்டையாகத் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: கப்பலின் நிழல் பக்கம் வானத்தை விட இருட்டாக இருக்க வேண்டும். சூரியன் பின்னால் இருக்கும்போது இரும்புத் தகடு பளிச்சென்று மின்னினால், படம் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

போன் மட்டும்தான் இருக்கிறதா?

கவலை வேண்டாம். இன்றைய போன்கள் நீங்கள் ஒரு தடவை தொட்டாலே பின்னணியில் பல படங்களை எடுத்துவிடுகின்றன. கூகுளின் எச்.டி.ஆர் பிளஸ் முறை, வெளிச்சம் குறைத்து எடுத்த பல படங்களை அடுக்கி, நிழலில் வரும் புள்ளிகளை நீக்கி, பிறகு இருட்டுப் பகுதியை ஏற்றுகிறது. ஒவ்வொரு படமும் மிக வேகமாக எடுக்கப்படுவதால் அலையும் அவ்வளவாகக் குழம்புவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லென்ஸைத் துடையுங்கள். வானத்தில் விரலை வைத்து அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் பண்ணுங்கள். வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். போனை ஏதாவது ஒன்றில் சாய்த்து வையுங்கள். தனித்தனி படங்களாக எடுத்துப் பிறகு இணைக்க நினைப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் 'ஓபன் கேமரா' என்ற இலவச ஆப்பில் பிராக்கெட்டிங் வசதி இருக்கிறது.

கடலே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?

திருப்பூர் மாவட்டத்தில் இருந்து பனியன் மூட்டைகள் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறுகின்றன. ஆனால் இங்கே இருப்பவர்கள் கப்பலைப் பார்க்கப் பல மணி நேரம் பயணம் போக வேண்டும். தரை தட்டிய கப்பலோ எப்போதாவது வருவது. சில நாளில் போய்விடுவது. அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. பழகிவிட்டுத்தான் போக வேண்டும்.

அதற்கு மடத்துக்குளம் வட்டம் கொமரலிங்கம் நல்ல இடம். அமராவதி ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. சுற்றிலும் நெல் வயல், தென்னந்தோப்பு. ஆற்றுப் பாலம், கோயில் கோபுரம், அறுவடை இயந்திரம், நிறுத்தி வைத்த லாரி... எது வேண்டுமானாலும் உங்கள் 'கப்பல்' ஆகலாம். கிழக்கே பார்த்து நின்று, அதற்குப் பின்னால் சூரியன் வரும்போது எடுத்துப் பாருங்கள். வெளிச்சக் கணக்கு கடற்கரையில் உள்ள அதே கணக்குதான். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல், ஈர மணல் மாதிரியே பிம்பம் காட்டும்.

கோஸ்டிங் பழக ஓடும் தண்ணீரும் காற்றில் ஆடும் தென்னை மட்டையும் போதும். உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளை எடுத்தால் இன்னும் நல்லது. இறக்கை சுற்றும், கம்பம் அசையாது. கடலில் அலையும் கப்பலும் இருப்பது மாதிரியேதான்.

இந்தப் பழக்கம் பிழைப்புக்கும் உதவும். பனியன் கம்பெனி ஷெட்டுக்குள் நின்று படம் எடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும், மெஷின் இருண்டுபோகும். வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டிய படம் அது. அதற்கும் மருந்து இதே மூன்று படங்கள்தான்.

அடுத்த கட்டமாக தனுஷ்கோடிக்குப் போகலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயம், ரயில் நிலையம் ஆகியவற்றின் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கடலும் சூரிய உதயமும் அங்கேயே கிடைக்கும். வாகனங்கள் போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முதல் நாளே ராமேஸ்வரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உயிரை விடப் படம் பெரிதில்லை

தரை தட்டிய கப்பல் அசையாமல் நிற்பதாலேயே பாதுகாப்பானது என்று நினைக்கக் கூடாது.

கப்பலைச் சுற்றி அலை மணலை அரித்துத் திடீர்ப் பள்ளங்களை உண்டாக்கும். முழங்கால் தண்ணீர் என்று இறங்கினால் அடுத்த அடி ஆளை முழுங்கும். தமிழகக் கரையில் புயல்கள் அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கப்பல்கள் சிக்குவதும் அப்போதுதான், கடல் சீற்றமாக இருப்பதும் அப்போதுதான்.

எண்ணெய்க் கசிவும் ரசாயனமும் இருக்கலாம். 2021-ல் கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் இலங்கைக் கடற்கரைகளில் குவிந்தன. அதில் ரசாயனக் கன்டெய்னர்களும் இருந்தன. கரை ஒதுங்கும் எதையும் தொடாதீர்கள். கப்பல் மேல் ஏறவே ஏறாதீர்கள். துருப்பிடித்த தகடு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போலீஸ், கடலோரக் காவல் படை போட்ட தடுப்பைத் தாண்டக் கூடாது. துறைமுகம், விமான நிலையம், கடற்படைத் தளம் அருகே அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடுவது குற்றம். மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் எந்த இடம் தடை செய்யப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவுக்கும் ஆபத்து உண்டு. லென்ஸில் உப்புத் துளி காய்ந்துவிட்டால் துணியால் தேய்க்காதீர்கள். கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, பிறகு லேசாக ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இணைத்த படம் உண்மையான படமா?

இது பலரும் கேட்கும் கேள்வி. பதில், படம் எதற்கு என்பதைப் பொறுத்தது.

வீட்டுச் சுவரில் மாட்ட, போட்டிக்கு அனுப்ப, சமூக வலைதளத்தில் போட என்றால் பிரச்சினை இல்லை. போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். சில போட்டிகளில் இணைத்த படங்களுக்கு இடமில்லை.

செய்திப் படம் என்றால் கணக்கு வேறு. செய்திப் படம் ஒரு கணத்தின் சாட்சி. கப்பல் எவ்வளவு சாய்ந்திருந்தது, எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருந்தது, வானிலை எப்படி இருந்தது என்பதை நாளை ஒருவர் அந்தப் படத்தை வைத்துப் பேசலாம். வானத்தை ஒரு நேரத்திலிருந்தும் கடலை இன்னொரு நேரத்திலிருந்தும் எடுத்து ஒட்டினால், அப்படி ஒரு கணம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அலையில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் டீகோஸ்ட் செய்யும்போது காணாமல்கூடப் போகலாம்.

அதனால் இரண்டு பழக்கம் வேண்டும். முதலாவது, இணைத்த படத்தைப் பகிரும்போது 'மூன்று படங்களை இணைத்தது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, இணைப்பதற்கு முன் எடுத்த மூன்று ஒரிஜினல் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். கப்பல் போய்விடும், கடற்கரையும் மாறிவிடும். அன்றைக்கு அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், காட்ட வேண்டியது அந்த மூன்று படங்களைத்தான்.